சிறு விவசாயி முழு மானியத்தில் சொட்டுநீர்ப் பாசனம் அமைப்பது எப்படி: ஆவணம், செலவு, காலம்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு 2 ஏக்கர் 40 சென்ட் நிலமும் ஓர் ஆழ்துளைக் கிணறும் உண்டு. வாய்க்கால் கட்டிப் பாய்ச்சிய காலத்தில் கோடையில் அரை ஏக்கர் தக்காளியைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது. மீதி நிலத்தில் மழையை நம்பி ராகியும் கொள்ளும் விதைப்போம். சொட்டுநீர் அமைத்தபின் இப்போது அதே கிணற்றுத் தண்ணீர் ஒரு ஏக்கர் காய்கறிக்குப் போதுகிறது. இந்த மாற்றத்துக்கு எங்களுக்குத் தேவைப்பட்ட காலம் பதினான்கு மாதம். அதில் மூன்று மாதம்தான் உண்மையான வேலைக்குச் சென்றது. மற்றவை தவறான ஆவணத்தோடு தவறான நேரத்தில் அலைந்ததால் வீணாயின. அந்த மாதங்கள் உங்களுக்கும் வீணாகக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் உள்ளிட்ட நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியமும், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீத மானியமும் வழங்கப்படுகின்றன. மொத்தம் 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர் சிறு விவசாயி. மற்றவர்கள் அதிகபட்சம் 5 ஹெக்டேர் வரை மானியம் பெறலாம். ஒரு நிலத்துக்கு ஒருமுறை மானியம் பெற்றுவிட்டால் அதே நிலத்துக்கு மீண்டும் பெற 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த 7 ஆண்டு என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பல எச்சரிக்கைகளுக்கு அதுவே காரணம்.

1. முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. எங்களுடையதும் அப்படித்தான் நின்றது. நிலத்தை நாங்கள் உழுதோம், வரி கட்டினோம், மின் இணைப்பும் எங்களிடம் இருந்தது. ஆனால் பட்டாவில் இறந்துபோன தாத்தாவின் பெயரும் இரண்டு பெரியப்பாக்களின் பெயர்களும் சேர்ந்து இருந்தன. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாகப்பிரிவினை அரசுப் பதிவேட்டில் இல்லை என்றால், விண்ணப்பத்தைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து, நிலம் யார் பெயரில் உள்ளது என்று காட்டும் சிட்டாவைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் இரண்டாம் படிக்குச் செல்லுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் வேறு எந்த வேலையையும் தொடங்காமல் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

நில உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். பங்காளிகளுக்கு இடையே பாகம் பிரிக்க வேண்டும் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். குடும்பத்தாருக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வெளியாருக்கு நிலம் விற்பதைவிட மிகக் குறைவு. இரண்டுக்கும் உச்சவரம்பும் உண்டு. எனவே செலவுக்கு அஞ்சிப் பத்திரத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பத்திர எழுத்தரிடம் போகும் முன்பே புல எண்வாரியாக யாருக்கு எந்தப் பக்கம், எத்தனை சென்ட், கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, வண்டிப்பாதை எது என்று எல்லாப் பங்காளிகளும் ஒரு தாளில் எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கிணற்றுப் பங்கை எழுதாமல் விட்டதால் பத்திரத்தைத் திருத்த மறுபடியும் ஐந்து பேரையும் ஒரே நாளில் பதிவு அலுவலகத்துக்கு வரவழைக்க வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர் திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை செய்பவர், அவருக்கு ஒரு நாள் கூலி போனது.

பத்திரம் ஆனபின் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாற்றத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். உட்பிரிவு என்றால் நில அளவர் நேரில் வந்து அளந்து புலப்படத்தில் புதிய எண் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அதற்கு மட்டும் இரண்டரை மாதம் ஆனது. நில அளவர் வரும் தேதி குறுஞ்செய்தியில் வரும். அன்று நீங்களும் பக்கத்து நிலத்துக்காரரும் அங்கே இருக்க வேண்டும். அவர் வந்து திரும்பிவிட்டால் மறு தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர்களும் மானியம் பெறலாம். ஆனால் குத்தகைப் பத்திரம் 7 ஆண்டுகளுக்குக் குறையாமல் பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்ட ஆண்டுக் குத்தகை செல்லாது.

2. தண்ணீரைக் கோடையில் அளந்து எழுதிவையுங்கள்

இதை எந்த அலுவலகமும் உங்களிடம் கேட்காது. ஆனாலும், அமைத்த கருவி உங்களுக்குப் பயன்படுமா என்பதைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் கிணற்று வாயில் வைத்து, மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகு அது நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 72 வினாடியில் நிரம்பினால் உங்கள் கிணறு மணிக்கு 10,000 லிட்டர் தருகிறது. மோட்டார் போட்டவுடன் அளந்தால் குழாயில் தேங்கிய நீரும் சேர்ந்து அளவு கூடுதலாகத் தெரியும். சித்திரை, வைகாசி மாதங்களில் அளப்பதே சரி.

இப்போது தேவையைக் கணக்கிடுங்கள். ஒரு ஏக்கர் சுமார் 4,000 சதுர மீட்டர். தக்காளிக்கு 4 அடி, அதாவது 1.2 மீட்டர் இடைவெளியில் பயிர் வரிசைதோறும் ஓடும் பக்கவாட்டுக் குழாய் போட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 3,300 மீட்டர் குழாய் வேண்டும். அதில் 40 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான் (நீர் சொட்டும் துளை அமைப்பு) என்றால் சுமார் 8,300 சொட்டுவான்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் விடுவதாக இருந்தால் ஏக்கர் முழுவதையும் ஒரே நேரத்தில் நனைக்க மணிக்கு 33,000 லிட்டருக்கு மேல் தேவை. உங்கள் கிணறு தருவதோ 10,000. ஆகவே நிலத்தை நான்கு வால்வுப் பகுதிகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க வேண்டும். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவான் என்றால் இரண்டு பகுதிகள் போதும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் இரு மடங்கு நேரம் மோட்டார் ஓட வேண்டும்.

நான் ஐப்பசி மழைக்குப் பிறகு அளந்த கணக்கைக் கொடுத்துவிட்டேன். அதன்படி குறைந்த பகுதிகளாக வடிவமைத்தார்கள். மாசி மாதம் வந்ததும் மேட்டுப் பக்கக் கடைசி வரிசைகளில் சொட்டுவான்கள் ஈரமே காணவில்லை. பிறகு என் சொந்தச் செலவில் இரண்டு வால்வுகளும் ஒரு துணைக் குழாயும் கூடுதலாகப் போட வேண்டிவந்தது.

3. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்

விண்ணப்பத்துடன் மண், நீர் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் சில பத்து ரூபாய்தான். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில எழுத்து 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, ஓரமாகச் சுரண்டி எடுத்த மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ கொடுங்கள். எருக்குழி, வரப்பு, மர நிழல் உள்ள இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீருக்கு மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை கழுவிய ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து அன்றே ஒப்படையுங்கள்.

அறிக்கையைக் கோப்பில் வைத்து மறந்துவிடாதீர்கள். உப்பும் கார்பனேட்டும் மிகுந்த நீர் சொட்டுவான்களை அடைக்கும். அதைப் பொறுத்தே, குழாயில் அமிலம் விட்டு அடைப்பை நீக்கும் அமிலச் சிகிச்சை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வேண்டும் என்பது தெரியும். மணல் வரும் ஆழ்துளைக் கிணறு என்றால் மணல் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் வேண்டும். திறந்த கிணறு, பண்ணைக்குட்டை நீர் என்றால் பாசி வரும், எனவே மணல் வடிகட்டி வேண்டும். திரை வடிகட்டி ஒன்றை மட்டும் எல்லோருக்கும் மாட்டிவிட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. அறிக்கை கையில் இருந்தால் நீங்கள் கேள்வி கேட்க முடியும்.

4. ஆவணங்களை ஒரே வாரத்தில் திரட்டுங்கள்

தேவையானவை: சிட்டா, அடங்கல் (பயிரும் நீர் ஆதாரமும் எழுதப்படும் கிராமக் கணக்கு), புலப்பட நகல், சிறு குறு விவசாயிச் சான்றிதழ், ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், மண் நீர் அறிக்கை, புகைப்படம். ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் நீங்கள் இப்போது பயன்படுத்தும் எண்ணாக இருக்க வேண்டும். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணை இதுவரை பெறவில்லை என்றால் கிராம முகாமிலோ பொது சேவை மையத்திலோ கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள்.

சிறு குறு விவசாயிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் பரிந்துரைக்குப் பின் வட்டாட்சியர் வழங்குவார். வேறு கிராமத்தில் உங்கள் பெயரில் உள்ள நிலத்தையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடங்கலில்தான் நான் இரண்டாம் முறை இடறினேன். அடங்கல், பசலி எனப்படும் வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டுக்கானது. பசலி ஜூலை முதல் தேதியில் பிறக்கிறது. மே மாதத்தில் வாங்கிய அடங்கலை ஜூலை இறுதியில் கொடுத்தபோது, அது முடிந்துபோன பசலிக்கு உரியது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேலும் அடங்கலில் உங்கள் கிணறு நீர் ஆதாரமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, நீங்கள் விண்ணப்பிக்கும் பயிர் அங்கே எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மானாவாரி என்று எழுதியிருந்தால் கிராம நிர்வாக அலுவலரை நேரில் அழைத்து வந்து கிணற்றைக் காட்டிப் பதியச் சொல்லுங்கள்.

5. எந்த அலுவலகம், எந்த மாதம்

காய்கறி, பழம், பூ, மஞ்சள், மரவள்ளி ஆகியவற்றுக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், தென்னை, நிலக்கடலை ஆகியவற்றுக்கு வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். விண்ணப்பம் மிமிஸ் என்று அழைக்கப்படும் நுண்ணீர்ப் பாசன இணையதளத்தில் பதிவாகும். நீங்களே பதியலாம், அலுவலகத்தில் பதிந்து தருவார்கள், உழவன் செயலி வழியாகவும் முன்பதிவு செய்யலாம். பதிவு எண்ணைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இலக்கு வைத்து நிதி ஒதுக்குவதால், டிசம்பருக்குப் பிறகு வருபவர்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். தை, மாசியில் பட்டாவையும் சான்றிதழையும் முடித்து, ஏப்ரலிலேயே விண்ணப்பிப்பது நல்லது. நிலத்தில் பயிர் நிற்கும்போது குழாய் பதிக்க முடியாது என்பதால், நடவுக்கு மூன்று மாதம் முன்பாவது பதிவு நடந்திருக்க வேண்டும்.

6. நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

அரசு அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. முதலில் வந்து கதவைத் தட்டிய முகவரிடமே நான் கையெழுத்துப் போட்டேன், அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் ஊரில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அமைத்தவர்களின் தோட்டங்களுக்குச் சென்று, பழுது என்று சொன்னால் எத்தனை நாளில் ஆள் வருகிறார்கள் என்று கேளுங்கள். அமைத்தபின் 3 ஆண்டுகள் பழுதுபார்ப்புச் சேவை தருவது நிறுவனத்தின் கடமை.

100 சதவீதம் என்பது நீங்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் அல்ல. பயிர் இடைவெளியைப் பொறுத்து அரசு ஓர் அலகுத் தொகை நிர்ணயித்திருக்கிறது; அதற்கே முழு மானியம். கிணறு நிலத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்து முதன்மைக் குழாய் நீண்டுபோனாலோ, பெரிய வடிகட்டி கேட்டாலோ வித்தியாசத்தை நீங்கள் செலுத்த நேரிடும். அதை எதற்கு, எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, வங்கி வழியாகச் செலுத்தி, ரசீது பெறுங்கள். எங்களிடம் முகவர் ஒருவர் "ஃபைல் செலவு" என்று ரொக்கம் கேட்டார். அப்படி ஒரு கட்டணமே கிடையாது. யாருக்கும் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். குறை இருந்தால் வட்டார அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்; முதலமைச்சரின் உதவி மையம் 1100, கிசான் அழைப்பு மையம் 1800-180-1551.

இடைவெளியைத் தீர்மானிக்கும்போது அடுத்த 7 ஆண்டுகளை நினையுங்கள். இந்த ஆண்டு தக்காளி, அடுத்த ஆண்டு மிளகாய், அதன்பின் கத்தரி என்று மாற்றிப் பயிரிடும் சிறு விவசாயிக்கு, சொட்டுவான் உள்ளேயே பதிந்த இன்லைன் குழாய்தான் என் அனுபவத்தில் ஏற்றது. மா, தென்னை போன்ற மரப்பயிருக்கு அது பொருந்தாது.

7. கூடுதல் மானியங்களையும் அதே நேரத்தில் கேளுங்கள்

சொட்டுநீர் அமைப்பவர்களுக்குத் துணை நீர் மேலாண்மைப் பணிகள் என்ற பெயரில் தனி உதவி உண்டு. நிலத்தடி நீர் அளவில் பாதுகாப்பானவை என்று வகைப்படுத்திய குறுவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு அமைக்க 25,000 ரூபாய், மோட்டார் பம்பு வாங்க 15,000 ரூபாய், நீர் கொண்டுசெல்லும் குழாய் பதிக்க ஹெக்டேருக்கு 10,000 ரூபாய், தரைமட்ட நீர்த்தேக்கத் தொட்டிக்கு 40,000 ரூபாய் வரை என்று அளவு வைத்திருந்தார்கள்; இவை செலவில் பாதிக்கு மேற்படாமல் கிடைப்பவை. நடப்பு ஆண்டில் உங்கள் வட்டாரத்துக்கு எது ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று விண்ணப்பிக்கும் நாளிலேயே கேளுங்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரம் குறைவாக உள்ள ஊர்களில் தொட்டி மிகப் பெரிய உதவி. இரவில் ஏற்றி வைத்துப் பகலில் விடலாம். எனக்கு அது ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

8. பணி ஆணை முதல் கையெழுத்து வரை

நிறுவனத்தின் ஆள் நிலத்தை அளந்து வரைபடம் தயாரிப்பார். அப்போது நீங்கள் கோடை நீர் அளவைக் கொடுத்து, வால்வுப் பகுதிகள் எத்தனை என்று வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். பணி ஆணை வந்தபின் பொருள்கள் வரும். பொருள்களில் ஐஎஸ்ஐ முத்திரையும் எண்ணும் இருக்க வேண்டும்: பிவிசி குழாய்க்கு 4985, பக்கவாட்டுக் குழாய்க்கு 12786, சொட்டுவானுக்கு 13487, இன்லைன் குழாய்க்கு 13488. பட்டியலில் உள்ள மீட்டர் கணக்கும் இறங்கிய சுருள்களும் பொருந்துகின்றனவா என்று அன்றே எண்ணி எழுதுங்கள்.

குழாய் பதிக்கும் பள்ளத்தை எங்கள் நிலத்தில் நாங்களே வெட்டினோம். ஒன்றரை அடிக்குக் குறைந்தால் அடுத்த உழவில் கொழு குழாயைக் கிழித்துவிடும். ஜேசிபி வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால், பக்கத்துத் தோட்டத்து வேலையோடு சேர்த்து அழைத்தால் வண்டி வரும் செலவாவது குறையும்.

எல்லா வால்வுகளையும் திறந்து ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு பகுதியின் கடைசி வரிசையில் கால் மணி நேரம் ஒரு டம்ளரை வைத்து அளந்து, முதல் வரிசையோடு ஒப்பிட்ட பிறகே பணி நிறைவுச் சான்றில் கையெழுத்திடுங்கள். அலுவலர் வந்து இட அடையாளத்துடன் புகைப்படம் எடுப்பார். மானியம் நிறுவனத்துக்குச் செல்லும். பணம் சென்றபின் உங்கள் பேச்சுக்கு வலு குறையும். "நாளை வடிகட்டி வந்துவிடும், இன்று கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

9. முதல் பருவத்தில் கவனிக்க வேண்டியவை

உரத்தைக் குழாய் வழியே விட வெஞ்சுரியோ (உரக் கரைசலை உறிஞ்சி நீரில் கலக்கும் கருவி) உரத்தொட்டியோ இருக்கும். நீரில் முழுதும் கரையும் கலப்பு உரங்கள் விலை மிகுந்தவை. யூரியாவும் வெள்ளைப் பொட்டாஷும் நன்கு கரைவதால் தழை, சாம்பல் சத்துக்கு அவற்றைப் பயன்படுத்தி, மணிச்சத்துக்குச் சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாக இட்டுவிடலாம். டிஏபியைக் கரைத்து விடாதீர்கள். கசடு சொட்டுவான்களை அடைத்துவிடும். இந்தச் செலவுகளுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனைப் பெறலாம். தவணை தவறாமல் செலுத்தினால் வட்டி கிடையாது.

வடிகட்டியின் இரு பக்க அழுத்தமானிகளின் வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோவை எட்டும் முன் கழுவுங்கள். வாரம் ஒருமுறை துணைக் குழாயின் கழிவு வால்வைத் திறந்துவிடுங்கள். உப்பு நீர் என்றால் அமிலச் சிகிச்சையை முதல்முறை நிறுவனத்தின் பணியாளரை வைத்தே செய்யுங்கள்; அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. கோடையில் எலியும் அணிலும் நீருக்காகக் குழாயைக் கடிக்கும். வரப்போரம் இரண்டு மண்சட்டிகளில் தண்ணீர் வைத்ததில் எங்கள் தோட்டத்தில் கடி குறைந்தது. பயிர் முடிந்ததும் பக்கவாட்டுக் குழாய்களை முறுக்காமல் பெரிய வட்டங்களாகச் சுருட்டி நிழலில் வையுங்கள். பணி நிறைவுத் தேதியைப் பட்டியல், ரசீதுகளோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். மூன்றாண்டுப் பழுதுபார்ப்புக்கும் ஏழாண்டுக்குப் பின் வரும் மறு விண்ணப்பத்துக்கும் அந்தத் தேதியைத்தான் கேட்பார்கள்.